கையெழுத்துக்குக் காத்திருந்த ஊர்

ஹவுராவிலிருந்து பாலியைப் பிரிக்க ஒரு மசோதா வந்தது. அது ராஜ் பவனில் நின்றது. அதோடு மாநகராட்சித் தேர்தலும் நின்றது. ரோடும் சாக்கடையும் கேட்பாரற்றுப் போன கதை இது.

மேற்கு வங்காள அரசு 2013 அக்டோபரில் வீடு மாறியது. கொல்கத்தாவின் ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ஹூக்ளி நதியைத் தாண்டி ஹவுராவில் குடியேறியது. புதிய தலைமைச் செயலகத்தின் பெயர் நபன்னா. நம் ஊர்ப் புத்தரிசிப் பொங்கல் போன்ற அறுவடைத் திருநாளின் பெயர் அது. முதல்வரின் அறை 14ஆவது மாடியில்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், அந்தக் கட்டடம் நிற்கும் ஊர் தன் சொந்த அரசை இழந்தது. ஹவுரா மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு ஆயுள் முடிந்தது. புதிய தேர்தல் அறிவிக்கப்படவில்லை. முதலில் கமிஷனர் பொறுப்பேற்றார். பிறகு அரசு நியமித்த நிர்வாகக் குழு வந்தது. கோவிட் வந்து போனது. 2021 டிசம்பரில் கொல்கத்தாவுக்குத் தேர்தல் நடந்தது. 2022 பிப்ரவரியில் சிலிகுரி, அசன்சோல், பிதான்நகர், சந்தன்நகர் மாநகராட்சிகளும் 108 நகராட்சிகளும் ஓட்டுப் போட்டன. ஹவுரா மட்டும் வேடிக்கை பார்த்தது. 2025 முடியும்வரை அந்த ஊரில் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது.

சென்னையிலிருந்து ரயிலில் வந்திறங்கும் தமிழர்களுக்கு ஹவுரா என்றால் ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம். இறங்கியவுடன் டாக்ஸி பிடித்துப் பாலத்தைத் தாண்டிக் கொல்கத்தாவுக்குப் போய்விடுவார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு ஊர் இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்த ஊரின் ரோடுகளில் விழுந்த குழிகளுக்கும், சட்டசபையில் நிறைவேறிய ஒரு மசோதாவுக்கும் என்ன சம்பந்தம் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். எந்த மாநிலத்திலும், எந்த ஊருக்கும் இது நேரலாம்.

யாருடைய ரோடு?

2011 கணக்கெடுப்பின்படி பழைய ஹவுரா மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 10.77 லட்சம் பேர். பரப்போ சுமார் 52 சதுர கிலோமீட்டர்தான். பெலிலியஸ் ரோடு பகுதியில் லேத் பட்டறைகளும் வார்ப்படத் தொழிற்கூடங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ‘கிழக்கின் ஷெஃபீல்டு’ என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய ஊர். நிலம் தாழ்வானது. பலத்த மழை பெய்தால் டிக்கியாபாரா, பஞ்சானன்தலா, பெல்காச்சியா பகுதிகளில் தண்ணீர் தேங்கிவிடும். தேங்கிய தண்ணீர் தார் ரோட்டின் அடியில் இறங்குகிறது. மேலே பாரம் ஏற்றிய லாரி போனால் ஜல்லி பெயர்கிறது. எனவே இங்கே ரோட்டைச் சரிசெய்வது என்றால் முதலில் சாக்கடையைச் சரிசெய்ய வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஹவுராவில் ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு சொந்தக்காரர். ஊரின் நடுவே போகும் கிராண்ட் டிரங்க் ரோடு மாநிலப் பொதுப்பணித் துறையின் கையில். 1943இல் திறந்த ஹவுரா பாலத்தைப் பராமரிப்பது துறைமுக நிர்வாகம். 1992இல் திறந்த வித்யாசாகர் சேதுவுக்குத் தனிச் சட்டத்தில் பிறந்த ஹூக்ளி நதிப் பால ஆணையம். கோனா விரைவுச்சாலை தேசிய நெடுஞ்சாலைக் கணக்கில். ஃபோர்ஷோர் ரோடு போன்றவற்றைக் கவனிக்க 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஹவுரா அபிவிருத்தி டிரஸ்டை உண்டாக்கியது. பின்னர் அது கொல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையத்தோடு சேர்ந்துவிட்டது. பெரிய வாய்க்கால்கள் பாசனத் துறைக்கு. தண்டவாளத்துக்கு அடியில் போகும் வழிகளும் யார்டை ஒட்டிய சாக்கடைகளும் ரயில்வேக்கு. இவை போக மிச்சமிருக்கும் சந்து பொந்துகளும் வார்டு ரோடுகளும் மாநகராட்சிக்கு.

இவை ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு சட்டத்தின் விளைவு. சட்டப் புத்தகத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. வீட்டு வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது, அது பாசனத் துறையின் தண்ணீரா, ரயில்வேயின் தண்ணீரா, மாநகராட்சியின் தண்ணீரா என்று குடித்தனக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கவுன்சிலர் என்ற மனிதரின் உபயோகம் இங்கேதான். அவருக்குப் பெரிய அதிகாரம் கிடையாது. பல கவுன்சிலர்கள் மேல் ஊர் மக்களுக்குப் பெரிய மரியாதையும் கிடையாது. ஆனால் அவருக்கு ஒரு முகம் இருக்கிறது, வார்டில் ஒரு விலாசம் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டலாம். எந்தத் துறையின் ரோடு என்பதைக் கண்டுபிடிப்பது அவர் தலைவலி. அடுத்த தேர்தலில் ஓட்டு வேண்டும் என்பதால் அந்தத் தலைவலியை அவர் ஏற்றுக்கொள்கிறார். வசிப்பிடச் சான்று முதல் தெரு விளக்குவரை சில்லறை வேலைகள் அவர் வழியாகத்தான் நகர்கின்றன. மன்றம் இல்லாத ஊரில் இவை எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கோ அதிகாரியின் மேஜைக்கோ போகின்றன. எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி பெரிது. அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

பிரிந்தது, சேர்ந்தது, மறுபடி பிரிய...

ஹவுராவின் வடக்கே பாலி. ராமகிருஷ்ண மடத்தின் தலைமையகமான பேலூர் மடம் இருப்பது இந்தப் பக்கம்தான். ஹவுரா நகராட்சி 1862இல் பிறந்தது. 1883இல் பாலி அதிலிருந்து தனி நகராட்சியாகப் பிரிந்தது. 1980இல் மாநில அரசு ஹவுரா மாநகராட்சிச் சட்டம் கொண்டுவந்தது. 1984இல் ஹவுரா மாநகராட்சியானது. பாலி தனியாகவே இருந்தது.

2013 நவம்பரில் நடந்த தேர்தலில் இடதுசாரிகளிடமிருந்து ஹவுராவைத் திரிணமூல் காங்கிரஸ் பிடித்தது. ரதின் சக்ரவர்த்தி மேயரானார். 2015இல் பாலி நகராட்சி ஹவுராவோடு இணைக்கப்பட்டது. 2011இல் சுமார் 2.93 லட்சம் மக்கள்தொகை கொண்ட பாலியின் 35 வார்டுகள் சுருங்கி 16 ஆயின. ஹவுராவின் 50 வார்டுகள் 66 ஆயின. அந்த ஆண்டு அக்டோபரில் புதிய 16 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. பதினாறையும் திரிணமூலே ஜெயித்தது.

வார்டு என்பது வரைபடத்தில் ஒரு கோடு மட்டும் இல்லை. 35 கவுன்சிலர்கள் கவனித்த தெருக்களை 16 பேர் கவனிக்க வேண்டும் என்றால் ஒவ்வொருவர் தலையிலும் இரண்டு மடங்குக்கும் மேல் சுமை. தன் ஊரிலேயே இருந்த நகராட்சி அலுவலகத்தில் முடிந்த வேலைக்கு இனி ஹவுராவின் தீர்மானம் வேண்டும். பெரிய அமைப்பில் சேர்ந்தால் பெரிய திட்டங்களும் பணமும் வரும் என்பது இணைப்பின் கணக்கு. தூரம் கூடும் என்பது அதன் விலை.

ஆறே ஆண்டுகளில் அரசு மனம் மாறியது. பாலி மக்களுக்கு நல்ல சேவை கிடைக்க அது மறுபடி தனி நகராட்சியாக வேண்டும் என்று சொல்லி, 2021 நவம்பரில் ஹவுரா மாநகராட்சித் திருத்த மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றியது. இதற்குள் முன்னாள் மேயர் ரதின் சக்ரவர்த்தி பா.ஜ.க.வுக்குப் போய், அந்த ஆண்டு சட்டசபைத் தேர்தலில் சிப்பூரில் நின்று தோற்றிருந்தார்.

ராஜ் பவனில் ஒரு கோப்பு

கொல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் 2021 டிசம்பர் 19 அன்று சேர்த்தே தேர்தல் நடத்துவதுதான் முதலில் இருந்த யோசனை. மசோதாவுக்குக் கவர்னர் கையெழுத்து வேண்டும். அப்போது கவர்னர் ஜகதீப் தன்கர். அவருக்கும் மம்தா பானர்ஜி அரசுக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத காலம். மசோதா பற்றிக் கூடுதல் விவரம் வேண்டும் என்றார் கவர்னர். நவம்பர் கடைசியில் தேர்தல் அறிவிப்பு வந்தபோது அதில் கொல்கத்தா மட்டுமே இருந்தது.

விவகாரம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் பிற்பகுதியில், கவர்னர் சம்மதம் தந்துவிட்டார் என்று மாநில அரசின் அட்வகேட் ஜெனரல் நீதிமன்றத்தில் தெரிவித்தார். அது சரியில்லை, மசோதா இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது என்று கவர்னர் ட்விட்டரில் மறுத்தார். தகவல் தவறு என்று பிறகு அரசுத் தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. லட்சக்கணக்கானவர்கள் ஓட்டுப் போடுவதா வேண்டாமா என்பது ஒரு கையெழுத்து விழுந்ததா இல்லையா என்ற கேள்வியில் தொங்கியது.

பாலி ஹவுராவுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தெரியாமல் வார்டுகளை எப்படி எண்ணுவது என்றது ஒரு தரப்பு வாதம். சட்டப்படி அமலில் இருப்பது 66 வார்டுகள்தானே, அதற்கே தேர்தல் நடத்தலாமே என்பது எதிர்க்கேள்வி. இரண்டும் நடக்கவில்லை. 2022 ஜூலையில் தன்கர் துணை ஜனாதிபதித் தேர்தலுக்குப் போய்விட்டார். தமிழ்நாட்டைச் சேர்ந்த இல. கணேசன் சில மாதங்கள் கூடுதல் பொறுப்பு வகித்தார். நவம்பரில் சி.வி. ஆனந்த போஸ் வந்தார். கவர்னர்கள் மாறினார்கள். ஹவுராவுக்குத் தேர்தல் வரவில்லை.

குழாய் உடைந்த நாள்

மன்றம் இல்லாததால் ஊர் நின்றுபோய்விடாது. குப்பை லாரி ஓடும், வரி வசூலாகும், டெண்டர் விடப்படும். நிர்வாகக் குழுவுக்கு அதற்கெல்லாம் அதிகாரம் உண்டு. நின்றுபோவது இன்னொன்று. எந்தத் தெருவுக்கு முதலில் தார் போடுவது, எந்த வாய்க்காலை இந்த வருடம் தூர் வாருவது என்பதைப் பலர் முன்னிலையில் சண்டை போட்டு முடிவு செய்யும் இடம் இல்லாமல் போகிறது. பட்ஜெட்டின் மீது எதிர்க்கட்சிக் கவுன்சிலர் எழுந்து ஒரு கேள்வி கேட்க முடியாது. அந்தக் கேள்விக்கு மேயர் அசடு வழியப் பதில் சொல்லவும் முடியாது.

2024 ஜூனில் நபன்னாவில் நடந்த கூட்டத்தில் முதல்வரே ஹவுராவின் நிலைமை பற்றி அதிகாரிகளைப் பகிரங்கமாகக் கண்டித்தார். குப்பை, ஆக்கிரமிப்பு, சீர்கெட்ட சேவை எல்லாம் பட்டியலில் வந்தன. ஒரு வார்டு மக்கள் கவுன்சிலரைக் கேட்க வேண்டிய கேள்விகளை மாநில முதல்வர் கேட்க வேண்டி வந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

ஒன்பது மாதங்கள் கழித்துப் பெரிய அடி விழுந்தது. பெல்காச்சியாவில் உள்ளது ஹவுராவின் குப்பைக் கிடங்கு. பல தலைமுறைக் குப்பை அங்கே மலையாகக் குவிந்திருந்தது. 2025 மார்ச்சில் அங்கே நிலம் சரிந்தது. குடிநீர்க் குழாய் உடைந்தது. சுற்றியிருந்த வீடுகளிலும் ரோடுகளிலும் விரிசல் விட்டது. வடக்கு ஹவுராவிலும் சிப்பூரிலும் பல வார்டுகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. ஜனங்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

நிலைமையைப் பார்க்க நகர்ப்புற வளர்ச்சி அமைச்சர் ஃபிர்ஹாத் ஹகீம் வந்தார். எதிர்க்கட்சித் தலைவர் சுவேந்து அதிகாரியும் வந்தார். ஹகீம் அப்போது கொல்கத்தாவின் மேயரும்கூட. ஹவுராவின் குப்பையைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டது கொல்கத்தாவின் தாபா கிடங்கு. நதிக்கு அந்தப் பக்கத்து மேயர் வந்து ஆறுதல் சொன்னார். இந்தப் பக்கத்தில் மேயர் இல்லை.

கவுன்சிலர்கள் இருந்திருந்தால் குப்பை மலை சரிந்திருக்காதா? அப்படிச் சொல்ல முடியாது. அந்த மலை ஏழு வருடத்தில் வளர்ந்ததில்லை. மன்றங்கள் இருந்த காலத்திலும் வளர்ந்ததுதான். தேர்ந்தெடுத்த மன்றம் உள்ள கொல்கத்தாவிலும் மழைத் தண்ணீர் தேங்குகிறது. தேர்தல் குழியை நிரப்பிவிடாது. குழியை நிரப்பாதவர் யார் என்பதைத் தெரிவிக்கும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அவரை வீட்டுக்கு அனுப்ப வழி கொடுக்கும். ஹவுரா இழந்தது அந்த வழியை.

நமக்கும் தெரிந்த கதை

தமிழர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படத் தேவையில்லை. சென்னை மாநகராட்சியில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. ஒரு தலைமுறை முழுக்கக் கவுன்சிலரைப் பார்க்காமலே ஓட்டுரிமை வயதை எட்டியது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, அதற்குப் பிறகு புதிய மாவட்டங்கள். மாவட்டங்கள் பிரிந்ததால் எல்லை குழம்பிய ஒன்பது மாவட்டங்களை ஒதுக்கிவிட்டு மற்ற இடங்களில் ஊரகத் தேர்தலை நடத்தும்படி 2019 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டி வந்தது. அந்த ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட்டன. நகரங்களின் முறை 2022 பிப்ரவரி 19இல் வந்தது. இடைக்காலத்தில் தனி அதிகாரிகள் ஆட்சி. தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லை என்ற காரணத்தால் மத்திய அரசின் மானியமும் தடைப்பட்டது. மானியம் தடைப்பட்டால் முதலில் நிற்பது ரோடு வேலை.

பெங்களூரில் 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. வார்டுகள் 198 ஆக இருந்தன. ஒரு சட்டம் அதை 243 என்றது. பிறகு 225 என்றார்கள். கடைசியில் ஒரு புதிய சட்டம் வந்து 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்துவிட்டது. பிரிப்பதற்கும் சேர்ப்பதற்கும் நியாயமான காரணங்கள் இருக்கலாம். கோடு போட்டு முடிக்கும்வரை தேர்தல் கிடையாது என்பதுதான் எல்லா ஊருக்கும் பொதுவான அனுபவம்.

சட்டத்தில் ஒரு சந்து

1993 ஜூன் 1இல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இதைத் தடுக்கத்தான் வந்தது. நகராட்சிக்கு ஐந்து ஆண்டு ஆயுள், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது, ஆயுள் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது 243-யு பிரிவு. நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 வேலைகளைச் சொல்லும் 12ஆவது அட்டவணையில் ரோடுகளும் பாலங்களும் நான்காவது இடத்தில் இருக்கின்றன.

ஆனால் அந்த வேலைகளில் எதை, எவ்வளவு கொடுப்பது என்பது மாநிலச் சட்டசபையின் விருப்பம். எல்லைகளை வரைவதும் மாநிலச் சட்டம். மேற்கு வங்காளத்தில் தேர்தல் தேதியை முடிவு செய்வதிலும் மாநில அரசின் கை இருக்கிறது. 2013இல் பஞ்சாயத்துத் தேர்தல் தேதிக்காக அப்போதைய மாநிலத் தேர்தல் ஆணையர் மீரா பாண்டே சுப்ரீம் கோர்ட்வரை போராட வேண்டியிருந்தது. ஐந்தாண்டுக் கெடு தாண்டினால் என்ன தண்டனை என்று 243-யு சொல்லவில்லை.

அகமதாபாத் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2006இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: வார்டு எல்லை, வாக்காளர் பட்டியல் போன்ற காரணங்களைக் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது, உரிய காலத்தில் நடத்துவது தேர்தல் ஆணையத்தின் கடமை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் சென்னையும் பெங்களூரும் ஹவுராவும் வருடக்கணக்கில் காத்திருந்தன.

கவர்னர் கையெழுத்து விஷயத்திலும் நிலைமை தெளிவில்லாமல் இருந்தது. 200ஆவது பிரிவில் கெடு கிடையாது. தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்துக் கவர்னர்களுக்குக் கெடுவும் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ஜனாதிபதி கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு வைக்க முடியாது என்றது. காரணமின்றிக் காலவரையறை இல்லாமல் கவர்னர் மசோதாவை வைத்திருந்தால் முடிவெடுக்கும்படி சொல்லலாம், அவ்வளவுதான். எத்தனை மாதம் என்பதற்கு விடை இல்லை.

ஆக, ஒரு மாநில அரசு எல்லையை மாற்ற மசோதா கொண்டுவரலாம், ஒரு கவர்னர் அதை வைத்திருக்கலாம், இரண்டுமே அவரவர் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு ஊரின் ஓட்டு காணாமல் போகலாம். பரிகாரம் பெரிய விஷயம் இல்லை. மன்றத்தின் ஆயுள் முடியும் நாளில் எந்த எல்லை அமலில் இருக்கிறதோ அந்த எல்லைக்கே தேர்தல். புதிய கோடு அடுத்த தேர்தலுக்குப் பொருந்தும் என்று சட்டத்தில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் மசோதா ராஜ் பவனில் எத்தனை நாள் தூங்கினாலும் ஹவுராவுக்கு நஷ்டம் இருந்திருக்காது.

பாலி ஹவுராவுக்குள் இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பது 1883லிருந்து நடக்கும் விவாதம். இன்னும் நூறு வருடம் நடக்கட்டும், தப்பில்லை. விவாதம் முடியும்வரை வாசலில் நிற்கும் தண்ணீருக்கு யாரிடம் போவது என்பதை மட்டும் சட்டம் சொல்லிவைத்திருக்க வேண்டும்.